ஏரி நடுவே வெள்ளைப் புள்ளி

ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைச் செயற்கைக்கோள் படம் எடுக்கும். அந்த நிறத்தை வைத்துப் பாசி எவ்வளவு, கலங்கல் எவ்வளவு என்று கணக்கிடுவது என் வேலை. கணக்கைச் சரிபார்க்க, செயற்கைக்கோள் தாண்டும் அதே நேரத்தில் படகில் போய்த் தண்ணீர் மொண்டு வருவது அண்ணனின் வேலை.

அன்று ஏரி நடுவிலிருந்து போன் செய்தான். "உன் மாப்பிள்ளை இன்னும் வரலையா? காத்து பலமா அடிக்குது, திரும்பிடட்டுமா?" செயற்கைக்கோளை அப்படித்தான் கேலி செய்வான்.

"பத்தே நிமிஷம்ண்ணே. அது தாண்டினதும் நானே சொல்றேன்."

மேலதிகாரி கூப்பிட்டார், போனேன். சொல்ல மறந்துவிட்டேன். படகு மட்டும் கரை ஒதுங்கியது.

அந்தப் படகைக் கரையில் கவிழ்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஆனாலும் ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் படத்தில், அண்ணன் காத்திருந்த அதே இடத்தில், படகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது.

இப்போதெல்லாம் செயற்கைக்கோள் தாண்டியதும் ஜன்னலைத் திறந்து ஏரியைப் பார்த்துச் சொல்கிறேன். "மாப்பிள்ளை போயாச்சுண்ணே, கரைக்கு வந்துடு."

அடுத்த படத்திலும் புள்ளி நகர்ந்திருப்பதில்லை.

படகு தண்ணீர்க் கணக்கில் சேராது. ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளியை என் கையால் அழித்துவிட்டுத்தான் அறிக்கை அனுப்புகிறேன்.