மோனோரயிலின் தம்பி

ஒரு நகரத்தில் அண்ணன் தம்பியாக இரண்டு மோனோரயில்கள், ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துப் பாலத்தில் மெட்ரோ ரயில் போகும்போதெல்லாம், "டேய் குண்டா, உன் பாலத்தால தெருவே இருண்டு போச்சு" என்று இரண்டும் கேலி செய்யும்.

ஒருநாள் அண்ணனின் ரப்பர் சக்கரங்கள் தேய்ந்துவிட்டன. மெட்ரோவின் இரும்புச் சக்கரம் அதற்குப் பொருந்தாது. மோனோரயில் செய்த ஒரே கம்பெனியும் மூடிவிட்டது. வேறு வழியில்லாமல் பணிமனைக்காரர்கள் தம்பியின் சக்கரங்களைக் கழற்றி அண்ணனுக்கு மாட்டினார்கள்.

"வலிக்குதாடா?"

"நீயாவது ஓடுண்ணே."

மறுநாள் அண்ணன் ஓடியது. பயணிகள் கைதட்டினார்கள்.

"தம்பி எங்கப்பா, காணோம்?" என்று கேட்டது மெட்ரோ.

"ஊருக்குப் போயிருக்கான்" என்றது அண்ணன், நிற்காமல்.