தீராத உல்லன்

அந்தப் பச்சை நூல் உருண்டையை அவள் போன வாரமே பின்னித் தீர்த்தாயிற்று.

பெட்டிக்குள் கிடக்கிறது.

எடுத்துப் பார்த்தாள். அதே பாசிப் பச்சை. அதை விற்ற கடையே மூடிப் போயிற்று. இன்னொன்று வாங்கியிருக்க வழியில்லை.

பின்னியது நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைக் குல்லா, உச்சியில் குஞ்சம். சர்ச் பெண்கள் சங்கத்து விற்பனைக்கென்று பையில் போட்டு அவரிடம்தான் கொடுத்தாள். கட்டின புருஷன் கையில் கொடுத்தது எங்கே போகும்?

எங்கேயும் போகவில்லை. இதோ இருக்கிறது.

டிரங்குப் பெட்டி நிறைய உல்லன் நூல். குன்னூர்க் குளிரில் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்தது. இது தீர்ந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்கு, மகள் பியூலா வீட்டுக்கு. அப்படித்தான் பேச்சு. அம்பத்தூர் வெயிலில் உல்லனுக்கு என்ன வேலை? அவள் முழங்காலும் இந்தக் குளிரை இனித் தாங்காது. சொன்னபோது அவர் "சரி" என்றார். விஷயம் முடிந்தது.

பெட்டிதான் முடியமாட்டேன் என்கிறது. பின்னப் பின்ன அப்படியே இருக்கிறது.

முதலில் செலினாமேல் சந்தேகம். வீட்டு வேலைக்கு வருகிறவள். அவள் பெருக்கும் அறைக்கெல்லாம் பின்னாலேயே போய் நின்றாள்.

"என்னம்மா, போலீஸ்காரி மாதிரி பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ பெருக்கு."

ஆனால் திருடி என்றால் எடுப்பாள். கொண்டுவந்து வைப்பாளா?

அடுத்து, தன் மூளைமேலேயே சந்தேகம். ஜன்னலோரம் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தாள். பேத்தியின் பிறந்தநாள். இருபத்துமூன்றாம் சங்கீதம். கேஸ் சிலிண்டருக்குப் போன் செய்யும் நம்பர். எல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. மூளைக்கு ஒரு கேடும் இல்லை, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

பச்சை நூலின் நுனியை இழுத்தாள்.

நேராக வரவில்லை. நூடுல்ஸ் மாதிரி நெளிநெளியாக வந்தது.

ஒரு தடவை பின்னிப் பிரித்த நூல்தான் இப்படி நெளியும். பிரித்தால் நனைத்து, தொங்கவிட்டுக் காயவைத்து, அப்புறம்தான் சுற்றவேண்டும். அதுவும் தளரச் சுற்றவேண்டும். இது கல்லாக இறுகிக் கிடந்தது. எறிந்தால் கண்ணாடி உடையும்.

ஊசி பிடிக்கத் தெரியாத ஆளின் வேலை.

செலினாவுக்குப் பின்னல் தெரியும். கற்றுக்கொடுத்ததே இவள்தான். இந்த வீட்டில் தெரியாத ஆள் ஒருவர்தான்.

அப்படியா சேதி!

கிறிஸ்துமஸுக்கே சர்ச்சுக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டிய மனுஷர். இப்போது செவ்வாய்க்கிழமை வந்தால் தானாகவே ஷேவ் செய்து, கோட்டு மாட்டி, "பையைக் குடு, நான் கொண்டுபோய்க் குடுத்துடுறேன்" என்கிறார். திரும்பி வர மதியமாகிவிடுகிறது. சங்கத்துச் செயலாளர் ஹெப்சி, சிரித்துச் சிரித்துப் பேசுகிறவள், புருஷனை இழந்தவள்.

இந்த வயதிலா? எந்த வயதில்தான் இல்லை!

ஆனால் ஹெப்சிக்கும் பிரித்த நூலுக்கும் என்ன சம்பந்தம்? அங்கேதான் இடித்தது.

செவ்வாய்க்கிழமை. அவர் தெரு முனை திரும்பியதும் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பின்னால் நடந்தாள். இறக்கத்தில் முழங்கால் உயிரை எடுத்தது.

சர்ச் வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேரே ரயில் நிலையம். பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சு. பக்கத்தில் யாரும் இல்லை.

ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

அவர் பையிலிருந்து மஞ்சள் குல்லாவை எடுத்தார். நேற்று அவள் முடித்தது. மடியில் வைத்துப் புரட்டினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நூல் நுனியைத் தேடினார். கிடைக்குமா? நுனியை உள்ளே செருகி மறைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நகத்தால் கீறினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பல்லால் கடித்து இழுத்தார்.

அடப் பாவி மனுஷா!

ஓடிப்போய்ப் பிடுங்கலாம் போல ஆத்திரம் வந்தது. ராப்பகலாகப் பின்னியதாச்சே. ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

அதற்குள் நுனி அகப்பட்டது. சரசரவென்று பிரிய ஆரம்பித்தது. அவர் விரல்களில் இறுக்கி இறுக்கிச் சுற்றினார். மேட்டுப்பாளையம் ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது. ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் கையாட்டினார்கள். அவர் நிமிரவே இல்லை. ரயில் போய் மறைந்தபிறகுதான் நிமிர்ந்து, எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் எடுத்துவைத்த அடியைப் பின்னால் வைத்தாள்.

இந்த ஊரை விட்டுப் போகலாமா என்று அவரை ஒருநாளும் கேட்டதில்லை. போகிறோம் என்றாள். சரி என்றார். அந்தச் "சரி"யை அப்படியே எடுத்துக்கொண்டாளே, கூறுகெட்டவள்.

அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தாள்.

"குடுத்தாச்சு. ரொம்ப நல்லாருக்குன்னாங்க."

"யாரு?"

"எல்லாருந்தான்."

அவர் கோட்டுப் பை மஞ்சளாகப் புடைத்திருந்தது. அவள் காபி கலக்கப் போனாள்.

அந்த வாரம் ஒரு சிவப்புக் குல்லா பின்னினாள். கடைசி முடிச்சைப் போட்டாள். நுனியை உள்ளே செருகிவிடத் தையல் ஊசியில் கோத்தாள். முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. தைலத்தைத் தேய்த்தாள். பியூலாவிடம் என்ன சொல்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள்.

பிறகு ஊசியிலிருந்து நூலை உருவினாள்.

செவ்வாய்க்கிழமை பையை நீட்டும்போது சிவப்புக் குல்லா மேலாகவே இருந்தது. நூல் நுனி ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தொங்கியது.