கொடிக்கம்பு நட்ட இடம்

“துணியை எடுங்க! எல்லாத்தையும் எடுங்க! ஹெலிகாப்டர் வருது!”

மேனேஜர் க்ளூவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. போன மாதம் சமையல்கட்டு வாசலுக்கு முதலை வந்தபோதுகூட மனுஷன் நடந்துதான் வந்தார்.

ஏழாம் நம்பர் கூடாரத்தில் தங்கியிருந்த விருந்தாளி அம்மாளுக்குப் படகிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகிவிட்டதாம். எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கேக் தின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது துண்டு.

கெபோனியே ஈர விரிப்புகளைக் கொடியிலிருந்து உருவத் தொடங்கினாள். எங்கள் சுற்றுலா முகாமின் சலவை முழுவதும் அவள் கைதான்.

“ஹெலிகாப்டர் எங்கேடி இறங்கும்? தண்ணியிலயா?” என்றாள்.

கேட்பாள்தானே. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரும் நாணலும். இப்போதுபோல் வெள்ளம் வந்தால் விமானம் இறங்குகிற மண்தரையும் முழுகிவிடும். இந்தத் தீவில் ஹெலிகாப்டர் இறங்க இடமே கிடையாது. இங்கே எல்லோருக்கும் தெரிந்த சேதி அது.

அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். போன வெள்ளத்தில் அவள் புருஷன் மோனகெங்கை நீர்யானை கடித்தது. ஓடத்தில் இருந்த இரண்டு விருந்தாளிகளைக் கரையேற்றிவிட்டுத் தான் மாட்டிக்கொண்டான். இறங்க இடமில்லை என்று க்ளூவர் கையை விரித்துவிட்டார். படகில் கிடத்தி மவுன் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து மணி நேரம். மூன்றாவது மணி நேரத்தில் படகோட்டி வேகத்தைக் குறைத்துவிட்டான். அதற்குமேல் அவசரம் இல்லை.

“கம்பையும் பிடுங்கு!” என்று கத்தினார் க்ளூவர்.

கெபோனியே கொடிக்கம்பைக் கட்டிப்பிடித்து, காலை ஊன்றி, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். அவ்வளவு பலம் தேவைப்படவில்லை. சட்டென்று உருவிக்கொண்டு வந்தது. பின்பக்கமாக விழப் பார்த்தாள்.

குழிக்குள் இரும்புக் குழாய். எட்டுக் கம்புக்கும் எட்டுக் குழாய்.

“கரையானுக்காகப் போட்டதுன்னு சொன்னாங்களேடி.”

முகாமில் எனக்கு வயர்லெஸ் என்று பெயர். ஆபீசில் வயர்லெஸ் முன்னால் உட்காருகிறேன் என்பதற்காக வைத்த பெயர் இல்லை. காதில் விழுந்ததையெல்லாம் ஊருக்குச் சொல்வேன் என்று பாத்திரம் கழுவிய காலத்திலேயே வைத்தது. அப்படிப்பட்ட நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஹெலிகாப்டர் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. வெள்ளையடித்த நாலு கல்லுக்கு நடுவே நேராக இறங்கியது. கெபோனியே தினமும் துணிக்கூடையை வைக்கிற கற்கள் அவை.

காற்றில் அவள் தலைத்துணி பறந்து போனது. அவள் எடுக்கப் போகவில்லை.

நாலு பேர் அந்த அம்மாளைத் தூக்கி வந்து ஏற்றினார்கள். ஏறியதும் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். பழக்கம்.

ஹெலிகாப்டர் கிளம்பியதும் க்ளூவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, கம்பை நட்டுடுங்க. வெயில் இருக்கும்போதே காயணும்.”

கெபோனியே ஒரு கம்பைத் தோளில் தூக்கினாள். கரைக்குப் போனாள். வாய்க்காலில் எறிந்தாள். திரும்பி வந்து அடுத்ததை எடுத்தாள்.

“பைத்தியமா உனக்கு?”

“கரையான் அரிச்சிருச்சுங்க ஐயா,” என்றாள்.

எட்டும் மிதந்து போயின. க்ளூவர் கத்திக்கொண்டே படகுத்துறைக்கு ஆள் தேடிப் போனார்.

அவள் என் எதிரில் வந்து நின்றாள்.

“அவரைத் தூக்கிட்டு வந்து இந்தக் கல்லுலதான் சாய்ச்சு வச்சாங்க. சாயந்திரம் எட்டு விருந்தாளிங்க வர்றாங்கன்னு நான் இங்கேதான் விரிப்புக் காயப்போட்டுக்கிட்டிருந்தேன். அவர் ரத்தம் பட்டுச்சுன்னு ஒண்ணைத் திரும்பத் துவைச்சேன்டி.”

“அக்கா...”

“நான் ஒரு பிடி சோப்புத்தூள் அதிகமாப் போட்டாக்கூட சமையல்கட்டு வரைக்கும் சொல்லிட்டு வர்றவ நீ. இது உனக்குத் தெரியாது?”

நல்லவேளை, ஆபீசில் வயர்லெஸ் கரகரத்தது. ஓடினேன். அவளும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

பைலட்தான்.

“அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துடுறேன். இறங்குறதுக்கு அருமையான இடமாச்சே! போன வருஷம் கேட்டப்போ இல்லைன்னீங்க. எப்போ போட்டீங்க?”

போன வருஷமும் இதே குரல்தான். நான் தேநீர்த் தட்டோடு இதே அறையில் நின்றிருந்தேன். “விருந்தாளியா, வேலையாளா?” என்று கேட்டது குரல். “வேலையாள்” என்றார் க்ளூவர். “இறங்க இடம் இருக்கா?” என்றது. க்ளூவர் ஜன்னல் வழியாக, கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை விரிப்புகளைப் பார்த்தார். அந்தக் கம்புகள் கழற்றி மாட்டுகிறவை என்று பாத்திரம் கழுவுகிற எனக்கே தெரியும். “இல்லை” என்றார். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார்.

அடுத்த மாதம் எனக்கு இந்த நாற்காலி கிடைத்தது.

பாத்திரம் கழுவுகிறவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே ஏதாவது கதை கட்டியிருப்பேன்.

“கேக்குதா? எப்போ போட்டீங்கன்னு கேட்டேன்,” என்றது வயர்லெஸ்.

இந்தப் பொத்தானை அழுத்திப் பேசினால் சுற்றியுள்ள பதினோரு முகாம்களிலும் கேட்கும்.

அழுத்தினேன்.

“போன வருஷமும் இருந்துச்சு,” என்றேன். குரல் பாதிதான் வந்தது.

கெபோனியே வாசலைவிட்டு நகரவில்லை.

“சத்தமாச் சொல்லுடி,” என்றாள்.