கடப்பாரை மாமா

மழை விட்டும் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

"கடப்பாரை மாமா, நீங்க வந்தாத்தான் வடியும்!" என்று மாடிகளிலிருந்து கூப்பிட்டார்கள்.

அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. துருவேறிய கடப்பாரையால் பாதாளச் சாக்கடை மூடியை நெம்பித் தள்ளினார். மழைத் தண்ணீர் மொத்தமும் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. பத்தே நிமிடத்தில் தெரு பளிச்சென்று ஆனது. ஆளாளுக்குக் கைதட்டினார்கள்.

செல்போன் அடித்தது. பள்ளத்துத் தெருவில் குடியிருக்கும் மகள்.

"அப்பா, மறுபடியும் கக்கூஸ் வழியா சாக்கடை பொங்கிடுச்சுப்பா. கூடம் பூரா நாத்தம். சீக்கிரம் வாங்க!"

அடித்துப் பிடித்து ஓடினார். மகள் கைக்குழந்தையோடு கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். கழிவுநீர் அலுவலக ஊழியர் வாசல் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வீட்டுக் கழிவுக்கு மட்டும் போட்ட குழாய் சார். மேட்டுத் தெருவுல யாரோ மூடியைத் தொறந்து மழைத் தண்ணிய உள்ள விடறாங்க. குழாய் தாங்காம இங்க வந்து பொங்குது."

"எவன் அவன்?" மகள் வெடித்தாள். "அது உங்க தெருதானேப்பா? யாருன்னு பார்த்துச் சொல்லுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

மாமா தலையைக் குனிந்துகொண்டு, ஊழியர் நீட்டிய வாளியை வாங்கக் கை நீட்டினார்.

உள்ளங்கை இரண்டிலும் துரு அப்பியிருந்தது.

ஊழியர் அதைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பொண்ணு பாக்கறதுக்குள்ள கையைக் கழுவிக்குங்க சார்."