பாதிவரை படித்த ஆமை

குளக்கரையில் கொக்கும் அணிலும் ஆமையும் ஒரு வாசகர் வட்டம் நடத்திவந்தன. மாதம் ஒரு புத்தகம். ஆமை மெதுவாகப் படிக்கும். இதுவரை எதையும் முடித்ததில்லை. "இந்தத் தடவையும் முடிக்கலேன்னா வட்டத்துல இடமில்லை" என்று கொக்கு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

இம்மாதம் ஒரு படகுக்காரியின் கதை. ஆமை ஊண் உறக்கம் மறந்து படித்தும் பாதியைத் தாண்டவில்லை.

கூட்டத்தில், "நடை அபாரம்" என்றது கொக்கு. "முடிவு மனசைப் பிசைஞ்சிடுச்சு" என்றது மரக்கிளையிலிருந்த அணில்.

தானும் அப்படி ஏதாவது சொல்லிவிடலாமா என்று ஆமை யோசித்தது. படகுக்காரியை நினைத்ததும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான் பாதிதான் படிச்சேன். வெள்ளத்துல துடுப்பு போயிடுச்சு. கையாலேயே தண்ணியைத் தள்ளிக்கிட்டு இருக்கா. அவளை அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தானாகவே கிளம்பியது.



"கொஞ்சம் இரு" என்றது கொக்கு, குரலைத் தாழ்த்தி. "படகுல அவ மட்டுமா இருந்தா?"

அணில் கிளையிலிருந்து இறங்கி வந்து ஆமையின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"முதல்லேர்ந்தே சொல்லேன்" என்றது.