மேல் இடது மூலை

மேல் இடது மூலை மங்கல்.

பரிசோதனைக் கருவியின் பார்வைக் குழாயில் வைத்த வலக்கண்ணை எடுக்காமலே, கைப்பேசிக் கேமராவுக்குப் போகிற அந்தப் பொடி லென்ஸை அவள் ஒதுக்கினாள். அடுத்ததை வைத்தாள்.

மேல் இடது மூலை மங்கல்.

திங்கள் முதல் அவளிடம் வந்தவை அறுபத்து மூன்று. அத்தனையிலும் அதே மூலை.

நான்கு மூலையும் மங்கினால் ஃபோகஸ் தவறு. ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸைச் சாய்த்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுகிறவள் எப்சிபா. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். இன்று சாப்பாட்டு மணியோடு எப்சிபாவை வேலையிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள்.

மற்றவர்கள் மூலை மூலையாகப் பார்ப்பார்கள். லென்ஸைச் சோதிக்கும் இவளோ குழாய்க்குள் தெரியும் கோட்டுப் படத்தின் நடுப்புள்ளியிலிருந்து பார்வையை நகர்த்தாமல் நான்கையும் ஒன்றாகப் பிடிப்பாள். பதினோரு வருடப் பழக்கம். இரண்டு இயந்திரங்கள் ஒத்துப்போகாவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை கேன்டீன் வரிசையில் நின்றபடியே, மேலாளரின் மூக்குக்கண்ணாடி முக்கால் டிகிரி சாய்வு என்றாள்.

அளந்தார்கள். முக்கால் டிகிரிதான்.

மேலாளரின் இட்லி ஆறிப்போனது.

கதவருகே சூப்பர்வைசர் தனசேகர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், பையை மாட்டிக்கொண்டு எப்சிபா.

"என் கை சாயலக்கா. சத்தியமா சாயல."

அவள் மீண்டும் குழாயில் குனிந்தாள். லென்ஸைக் கால் வட்டம் திருப்பினாள். கோளாறு லென்ஸில் இருந்தால் மங்கலும் கூடவே திரும்பியாக வேண்டும்.

திரும்பவில்லை.

லென்ஸைத் தாங்கும் வளையத்தைத் திருப்பினாள்.

மங்கல் அசையவில்லை.

திருப்பிப் பார்க்க இன்னும் ஒன்றுதான் பாக்கி.

தலையை மெல்ல வலத் தோள் பக்கம் சாய்த்தாள்.

மங்கல் கூடவே வந்தது.

குழாயில் இடக்கண்ணை வைத்தாள். நான்கு மூலையிலும் கோடுகள் முடி முடியாகத் தெரிந்தன.

மறுபடியும் வலக்கண். மேல் இடது மூலை மங்கல்.

"முடிஞ்சுதாக்கா? மணி அடிச்சிரும்," என்றார் தனசேகர்.

நிராகரிப்புத் தாள் ஒன்றைக் கிழித்தாள். கோளாறு என்ற கட்டத்தில், மேல் இடது மூலை. பாகத்தின் எண் என்ற கட்டத்தில் தன் பணியாளர் எண். சோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்து.

தனசேகர் வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"அக்கா, இது உங்க நம்பரு."

"ஆமா. அந்தப் பொண்ண உள்ள விடுங்க."

அவர் கதவை விட்டு விலகினார்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.