தோபியாஸ் வீட்டு ஆக்கள்

"அவை என்ன ஆக்கள் எண்டு முதல்ல பாப்பம். கலியாணக் கதை பிறகு."

நடேசன் இதைச் சொல்லி மூன்று மாதமாகிறது. ஆளும் அசையவில்லை, சொல்லும் அசையவில்லை.

மகள் மிதுசா விரும்பியிருந்தது தோபியாஸ் என்ற ஜெர்மன்காரனை. ஜெர்மன்காரனிடம் போய் என்ன ஆக்கள், என்ன சாதி என்று விசாரிக்கிற முதல் தகப்பன் இந்த வுப்பர்டால் நகரத்தில் இவராகத்தான் இருக்கும் என்று தாய் மகாதேவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அப்பா சம்மதிக்காமல் தாலி ஏறாது என்று மிதுசா தோபியாஸிடம் முன்பே சொல்லியிருந்தாள். அப்பா என்றால் அவளுக்கு உயிர்.

கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். தோபியாஸின் குடும்பம் முந்நூறு வருடமாக ஒரே கிராமத்தில் இருக்கிறது. ஞானஸ்நானம், கலியாணம், சாவு எல்லாம் அந்த ஊர்த் தேவாலயப் பதிவேடுகளில் இருக்கும். அவளோ ஆவணக் காப்பகத்தில் வேலை செய்பவள், அந்தக் காலத்துக் கோழிக் கிறுக்கலையும் வாசிக்கத் தெரிந்தவள். முன்கூட்டியே நேரம் கேட்டு டெர்மின் எடுத்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

தேவாலய அலுவலகத்தில் இருந்த பெண்மணி மூன்று தடித்த பதிவேடுகளை மேசையில் வைத்துவிட்டு, பேனை பாவிக்கக் கூடாது, பென்சில் மட்டும்தான் என்று சொல்லிப் போனாள். நடேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். முப்பத்தைந்து வருடம் ஜெர்மனியில் இருந்தும் அந்த எழுத்தில் ஒரு சொல்லும் அவருக்குப் பிடிபடவில்லை.

மிதுசா குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு வருடம் வருடமாகப் பின்னோக்கிப் போனாள். ஒருவர் ரயில்வே, ஒருவர் தபால்காரர், ஒருவர் தச்சர். 1790க்கு வந்தபோது அவளுடைய விரல் நின்றுவிட்டது.

அந்த வருடத்து முப்பாட்டனுடைய தொழில், செத்த மாடுகளை இழுத்துப் போய்த் தோலுரிப்பது. அவனுடைய தகப்பனுக்கும் அதுதான். தகப்பனுக்குத் தகப்பனுக்கும் அதுதான். பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக வந்தவர்கள் எல்லாரும் வேறு ஊர்களில் தோலுரிப்பவர்கள். உள்ளூரில் ஒருவரும் வரவில்லை. போதகர் ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். இந்தக் குடும்பம் தேவாலயத்தில் கதவோரத்துக் கடைசி வாங்குப் பலகையில் மட்டும் இருக்க வேண்டும்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? எந்த ஊர், எந்தக் கோயிலடி என்று சுற்றி வளைத்து ஆட்களை நிறுத்துப் பார்ப்பவர்களைத் தமிழ்ப் பள்ளிக்கூட விழாக்களில் அவள் கண்டிருக்கிறாள். அப்பா அங்கெல்லாம் யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கி நிற்பார். அதுவும் ஒரு சாதிப் பெருமைதான் என்று நினைத்து அவள் வெட்கப்பட்டிருக்கிறாள்.

"என்ன பிள்ளை போட்டிருக்கு?"

காப்பகத்தில் வேலை செய்கிறவள் செய்யவே கூடாத காரியத்தை மிதுசா செய்தாள். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னாள். காணி பூமியுள்ள கமக்காரர் என்றாள். ஊர்த் தலைவராக இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள் என்றாள். தேவாலயத்தில் முன்வாங்கு இவர்களுக்கென்றே ஒதுக்கியிருந்ததாம். பொய் தடையில்லாமல் வந்த உற்சாகத்தில் ஒரு குதிரை வண்டியையும் சேர்த்துவிட்டாள்.

அவர் முகம் மலரும் என்று பார்த்தாள். நடேசன் கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார்.

"மற்ற ஆக்கள் எங்க இருந்தவையாம்?"

"பின்னுக்கு அப்பா. கதவடியில."

நடேசன் எழும்பினார். "அப்ப இது வேண்டாம் பிள்ளை."

மிதுசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதைவிடப் பெரிய இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். நடேசன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இஞ்ச பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் ஏன் எண்டு உனக்குச் சொல்லாமல் விட்டனாங்கள். ஊரில எங்களைக் கோயில் வாசல் தாண்ட விடேல்ல. என்ர அக்கா ஒரு பெரிய வீட்டுப் பெடியனை விரும்பிக் கட்டினவ. சாகுமட்டும் அந்த வீட்டில அவவுக்குத் தனிக் கோப்பை. முன்னுக்கு இருந்து பழகின ஆக்களிட்ட உன்னை அனுப்ப என்னால ஏலாது."

மிதுசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

"நான் வாசிச்சது முழுக்கப் பொய் அப்பா," என்றாள். "தோபியாஸ் வீட்டுக்காரரும் கதவடியில இருந்த ஆக்கள்தான்."